சாயங்காலம்னு ஒண்ணு: சென்னையின் முதல் விடுதிக் கல்லூரிகள்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் லேப்டாப்பைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். "அப்பா, இதைப் பாருங்க. லிபரல் ஆர்ட்ஸ். சின்ன காலேஜ்தான், ஆனா எல்லாரும் கேம்பஸ்லயே தங்கணும்."

வருடக் கட்டணத்தைப் பார்த்தேன். லட்சங்களில் இருந்தது. நான் பி.இ. படித்தவன். இருபது வருஷமாக சாஃப்ட்வேரில் குப்பை கொட்டுகிறவன். வாயில் முதலில் வந்தது இதுதான்: "இதெல்லாம் அமெரிக்காவிலேர்ந்து வந்த புது ஃபேஷன்மா. பி.ஏ. படிக்க எதுக்கு ஹாஸ்டல்? மயிலாப்பூர்லேர்ந்து எட்டின தூரத்துல எத்தனை காலேஜ் இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "என்னடா புதுசு? நான் க்வீன் மேரீஸ்ல படிக்கறச்சேயே ஹாஸ்டல் பொண்ணுங்க தனி ரகம். நாங்க மாம்பலத்துக்கு பஸ் பிடிச்சு, வீட்டுக்கு வந்து தண்ணி பிடிச்சு வைக்கணும். அவங்களுக்கு சாயங்காலம்னு ஒண்ணு இருந்தது."

அம்மா ராணி மேரி கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தது 1970-களில். இத்தனை வருஷத்தில் அந்தக் கல்லூரியைப் பற்றி அம்மா என்னிடம் சொன்ன முதல் விஷயம் இது என்று நினைக்கிறேன். நானும் கேட்டதில்லை. "சாயங்காலம்னு ஒண்ணு இருந்தது" என்ற அந்த வார்த்தை மட்டும் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

பட்டம் இருந்தது, அறை இல்லை

லிபரல் ஆர்ட்ஸ் என்பதற்குத் தமிழில் நல்ல சொல் இல்லை. 'தாராளக் கலைகள்' என்று மொழிபெயர்த்தால் ஏதோ தள்ளுபடி விற்பனை மாதிரி இருக்கிறது. லத்தீன் மூலத்தில் அதன் பொருள், அடிமையாக இல்லாத ஒரு மனிதன் கற்க வேண்டிய கலைகள் என்பது. ஒரு தொழிலுக்கு மட்டும் தயார் செய்யாமல் மொழி, வரலாறு, தர்க்கம், கணிதம், அறிவியல் என்று பரவலாகப் படிக்க வைப்பது. நம்ம ஊரில் 'ஆர்ட்ஸ் காலேஜ்' என்று சொல்வதும் இந்த வம்சம்தான். ஆனால், "இன்ஜினியரிங் கிடைக்கலையா?" என்ற கேள்வி அதற்கு நிரந்தர வாலாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல், கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்கள் வந்த அதே வருடம் பிறந்தது. மூன்றுக்கும் மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அந்தக் கால லண்டன் பல்கலைக்கழகத்தின் வேலை பாடம் நடத்துவது அல்ல, தேர்வு நடத்துவது. கல்லூரிகள் சொல்லிக்கொடுக்கும், பல்கலைக்கழகம் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும். மாணவன் எங்கே தங்குகிறான், என்ன சாப்பிடுகிறான், சாயங்காலம் என்ன செய்கிறான் என்பதெல்லாம் அதன் கவலை இல்லை. 1904-ம் வருடத்துப் பல்கலைக்கழகச் சட்டம்தான் முதல்முறையாக இதைத் தொட்டது. இணைப்பு கேட்கும் கல்லூரி, பெற்றோருடன் வசிக்காத மாணவர்கள் தங்குவதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்று காட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

இந்தத் தேர்வு முறையில் ஒரு நல்லதும் இருந்தது. பரீட்சை எழுதித் தேறிவிட்டால் பட்டம். ஆணா பெண்ணா என்பது பெரிய தடையாக நிற்கவில்லை. ஆர்.எஸ். சுப்புலட்சுமி 1911-ல் மாநிலக் கல்லூரியில் படித்து பி.ஏ. வாங்கினார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்று அறியப்படுபவர் அவர். பதினோரு வயதில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே விதவை. அந்தச் சிறுமியைத் தலைமுடி மழித்து மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தவர் அவருடைய அப்பா. சைதாப்பேட்டை விவசாயக் கல்லூரியில் வேலை பார்த்தவர். அதாவது சுப்புலட்சுமிக்குச் சென்னையில் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டில் அவர் படிப்பதற்கு ஆதரவும் இருந்தது.

இதற்கு நேர்மாறான கதை இங்கிலாந்தில். எமிலி டேவிஸ் 1869-ல் ஹிட்சின் என்ற ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஐந்தே மாணவிகளை வைத்துத் தொடங்கியதுதான் பின்னாளில் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரி ஆனது. ஒவ்வொருத்திக்கும் தனி அறை, கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை, ராச்சாப்பாடு எல்லோரும் சேர்ந்து. எல்லாம் இருந்தது, பட்டம் மட்டும் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் தரச் சம்மதித்தது 1948-ல். நமக்குச் சுதந்திரம் வந்த பிறகு!

கேம்பிரிட்ஜில் பெண்ணுக்கு அறை இருந்தது, பட்டம் இல்லை. சென்னையில் பட்டம் இருந்தது, அறை இல்லை. தலச்சேரியிலோ திருநெல்வேலியிலோ மெட்ரிக் முடித்த பெண்ணுக்கு, சென்னையில் பட்டம் தரத் தயாராக ஒரு பல்கலைக்கழகம் இருந்து என்ன பிரயோஜனம்? டிராம் ஓடுகிற நகரம்தான். அந்த டிராமில் ஏறிப் போய் அவள் எங்கே இறங்குவாள்? யார் வீட்டில் தங்குவாள்?

கடற்கரை ஹோட்டலில் 37 பேர்

1914 ஜூலையில் அரசாங்கம் 'மெட்ராஸ் காலேஜ் ஃபார் விமன்' என்ற பெயரில் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. நகரில் பெண்களுக்கென்று வந்த முதல் கல்லூரி. மாணவிகள் 37 பேர். முதல்வர் டோரதி டி லா ஹே. 1936 வரை அவர்தான். 1917-ல் ஐந்தாம் ஜார்ஜின் மனைவி பெயரை வைத்து ராணி மேரி கல்லூரி ஆனது.

என் கவனம் நின்றது கட்டடத்தில். மெரினாவில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலை கடலைத் தொடும் மூலையில் இருந்த கேப்பர் ஹவுஸ் ஹோட்டலில் கல்லூரி தொடங்கியது. கம்பெனிக் காலத்து ராணுவ அதிகாரி கேப்பர் என்பவரின் வீடு அது, பிறகு ஹோட்டல். கல்லூரி தொடங்க அரசாங்கம் தேடிப் பிடித்தது படுக்கையறைகளும் சமையற்கட்டும் உள்ள ஒரு கட்டடத்தை!

சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய சிஸ்டத்துக்கு டாக்குமென்ட் எதுவும் கிடைக்காவிட்டால், அது கட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தே யாருக்காகக் கட்டினார்கள் என்று ஊகிப்போம். இங்கேயும் அப்படித்தான். வகுப்பை வராந்தாவில்கூட நடத்திக்கொள்ளலாம், தங்க இடம் இல்லாமல் மாணவியே வர மாட்டாள். அடுத்து எழுந்தவற்றைப் பாருங்கள்: 1915-ல் பென்ட்லண்ட் ஹவுஸ், 1918-ல் ஸ்டோன் ஹவுஸ், 1921-ல் ஜெய்ப்பூர் ஹவுஸ். எல்லாமே 'ஹவுஸ்'.

ஒரு வருடம் கழித்து, 1915 ஜூலையில், கீழ்ப்பாக்கத்தில் ஹைட் பார்க் கார்டன்ஸ் என்ற தோட்ட வீட்டில் இன்னொரு கல்லூரி: மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, எல்லோரும் சொல்லும் டபிள்யூ.சி.சி. மாணவிகள் 41, ஆசிரியர்கள் 7. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்த 12 மிஷன் சங்கங்கள் சேர்ந்து நடத்தியது. மறு வருடமே நுங்கம்பாக்கத்தில் டவ்டன் ஹவுஸுக்கு இடம் மாறியது. அதுவும் கம்பெனிக் காலத்து மாளிகைதான். பரோடா ரெசிடென்டுக்கு விஷம் வைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு, 1875-ல் பதவி பறிக்கப்பட்ட மல்ஹர் ராவ் கெய்க்வாட் சென்னைக்கு அனுப்பப்பட்டபோது தங்க வைக்கப்பட்ட வீடு. ஒரு ராஜாவை வெளியே போகவிடாமல் வைத்திருந்த வீட்டில், நாற்பது வருஷம் கழித்துப் பெண்கள் வெளியுலகம் பார்ப்பதற்காக வந்து தங்கினார்கள்.

முதல் முதல்வர் எலினார் மக்டூகல், 1938 வரை. இங்கே ஒரு வம்சாவளி இருக்கிறது. ஹிட்சினில் எமிலி டேவிஸிடம் ஆரம்ப காலத்தில் படித்தவர்களில் கான்ஸ்டன்ஸ் மேனார்ட் ஒருவர். அவர் 1882-ல் லண்டனில் வெஸ்ட்ஃபீல்ட் கல்லூரியைத் தொடங்கினார். மாணவிகள் அங்கேயே தங்கிப் படித்து லண்டன் பட்டத் தேர்வை எழுதுவார்கள். அந்த வெஸ்ட்ஃபீல்டில் கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக்கொடுத்தவர் மக்டூகல். அறையை கேம்பிரிட்ஜ் மரபிலிருந்தும் பட்டத்தை லண்டன் மரபிலிருந்தும் எடுத்து ஒட்டிய மாதிரி அது. அவர் சென்னை வந்தபோது, பட்டம் இருக்கிறது, அறை இல்லை என்ற நம்ம ஊர்ப் பிரச்சினைக்கு அது அப்படியே பொருந்திவிட்டது.

அமெரிக்கத் தொடர்பும் உண்டு, மகளிடம் நான் சொன்ன அர்த்தத்தில் இல்லை. மாசசூசெட்ஸில் மேரி லயன் 1837-ல் தொடங்கிய மவுன்ட் ஹோலியோக், பெண்களுக்கான லிபரல் ஆர்ட்ஸ் விடுதிக் கல்லூரிகளின் மூத்த அக்கா. கட்டணம் ஏறாமல் இருக்க, வீட்டு வேலைகளை மாணவிகளே பங்கு போட்டுச் செய்வார்கள். அந்தக் கல்லூரி டபிள்யூ.சி.சி.யைச் சகோதரிக் கல்லூரியாக ஏற்றது. 1920-களின் தொடக்கத்தில், ஆசியாவில் உள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்காவில் ஒரு பெரிய வசூல் நடந்தது. பெண்கள் இரண்டு மில்லியன் டாலர் திரட்டினால், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஒரு மில்லியன் தரும் என்பது பேச்சு. திரட்டிக் காட்டினார்கள். அந்த ஏழில் டபிள்யூ.சி.சி. ஒன்று, ஐடா ஸ்கடரின் வேலூர் மருத்துவப் பள்ளி இன்னொன்று.

மகளுக்கு நான் சொன்ன 'புது ஃபேஷன்' நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கல்லூரிச் சாலையில் வந்து குடியேறிவிட்டது என்பது இப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது.

விடுதி என்றால் சமையலறை

இதை ஒரு இனிமையான கதையாக மட்டும் எழுதிவிட முடியாது. அந்தக் காலத்தில் ஒரு விடுதி நடத்துவது என்றால், யார் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுவது என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் பாடத்திட்டத்தை விடப் பெரிய கேள்வி அது.

சேரன்மாதேவி குருகுலம் நினைவிருக்கலாம். வ.வே.சு. ஐயர் தேசியக் கல்விக்காகத் தொடங்கிய விடுதிப் பள்ளி. இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது என்பதில் எழுந்த பிரச்சினை, 1924-25-ல் தமிழ்நாடு காங்கிரசையே உலுக்கியது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். 1925 கடைசியில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கான பின்னணியில் அதுவும் ஒன்று. சாப்பாட்டுக் கூடத்தில் போட்ட இரண்டு இலை, தமிழ்நாட்டு அரசியலின் திசையைத் திருப்பியது.

பெண்கள் பக்கத்திலும் இதே முடிச்சு உண்டு. பட்டம் வாங்கிய சுப்புலட்சுமி, இளம் விதவைகளுக்காக ஒரு இல்லத்தைத் தொடங்கினார். அது பிராமண விதவைகளுக்கான இல்லம். அந்தக் குடும்பங்கள் பெண்ணை அனுப்புவதற்கு அதுதான் நிபந்தனையாக இருந்தது. எழும்பூர், திருவல்லிக்கேணி என்று மாறி, கடைசியில் கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டிகளைச் சேர்த்து வைத்த கிடங்கு, 1897-ல் விவேகானந்தர் தங்கிய வீடு, இன்றைய விவேகானந்தர் இல்லம். அங்கிருந்து ராணி மேரி கல்லூரி நடக்கும் தூரம். இல்லத்துப் பெண்களில் சிலர் அந்தக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் வாங்கினார்கள்.

இந்தப் பாதையை நினைத்துப் பாருங்கள். வீட்டின் பின்கட்டில் வெள்ளைப் புடவையோடு முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை. அதை ஐஸ் ஹவுஸ் வரை இழுத்து வந்தது ஒரு விடுதி. அந்த விடுதி ஒரு சாதிக்கு மட்டும் கதவு திறந்தது என்பதும் உண்மை, அந்தக் கதவு திறந்திருக்காவிட்டால் அந்தப் பெண்கள் வெளியே வந்திருக்கவே முடியாது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தலச்சேரிப் பெண்ணும் பல்லவர் சரித்திரமும்

இந்தச் சின்ன விடுதிக் கல்லூரிகள் என்ன செய்தன என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் இ.கே. ஜானகி அம்மாள், 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். ராணி மேரி கல்லூரியில் படித்துவிட்டு, மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தது 1921-ல். பிறகு டபிள்யூ.சி.சி.யில் ஆசிரியர். அங்கிருந்து பார்பர் உதவித்தொகையில் மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார். முதுகலை முடித்துத் திரும்பி வந்து மறுபடி டபிள்யூ.சி.சி., மறுபடி மிச்சிகன், 1931-ல் டாக்டர் பட்டம். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி, இங்கிலாந்தில் டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-ல் வெளியிட்ட பயிர்களின் குரோமோசோம் அட்லஸ், 1977-ல் பத்மஸ்ரீ. கடைசிக் காலத்தில் நம்ம மதுரவாயலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தலச்சேரியிலிருந்து கிளம்பிய ஒரு பெண்ணின் பாதையில், தங்குவதற்கு இடம் உள்ள பெண்கள் கல்லூரி என்ற அந்தக் கண்ணியை மட்டும் உருவிப் பாருங்கள், மீதி எதுவும் நிற்காது.

இரண்டாமவர் கடம்பி மீனாட்சி. டபிள்யூ.சி.சி.யில் வரலாறு படித்தவர். 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணாக அறியப்படுபவர். பல்லவர் கால ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றிய அவருடைய ஆய்வு 1938-ல் புத்தகமாக வந்தது. காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் சிற்பங்கள் பற்றிய அவருடைய ஆய்வைத் தொல்லியல் துறை 1941-ல் வெளியிட்டபோது அவர் உயிரோடு இல்லை. 1940-லேயே, முப்பத்தைந்து வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். பல்லவர்களைப் பற்றி என்னைப் போன்ற அமெச்சூர்கள் இன்று எதை எடுத்தாலும், ஏதோ ஒரு இடத்தில் அவர் போட்ட பாதையில்தான் நடந்துகொண்டிருப்போம்.

கல்லூரிக்குப் பிறகு எல்லாப் பெண்களுக்கும் இப்படி நடக்கவில்லை. மக்டூகல் ஓய்வு பெற்ற பின் 'லாம்ப்ஸ் இன் தி விண்ட்' என்று ஒரு புத்தகம் எழுதினார், காற்றில் விளக்குகள். தென்னிந்தியக் கல்லூரிப் பெண்களும் அவர்கள் பிரச்சினைகளும் என்பது விஷயம். தன் கல்லூரியின் சின்னத்திலேயே ஒளியேற்றுவதைப் பற்றிப் பேசியவர், இருபத்து மூன்று வருஷ அனுபவத்துக்குப் பிறகு வைத்த தலைப்பு அது. பட்டம் வாங்கி வெளியே போகிற பெண்ணுக்கு முன்னால் எவ்வளவு காற்று அடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சின்னதாகவே இருந்திருந்தால்

இதுவரை எழுதியதும் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடடா, எவ்வளவு அழகான கல்லூரிகள்! நாற்பது பேர், ஏழு ஆசிரியர், தோட்டம், கடல்! இதையெல்லாம் விட்டுவிட்டோமே என்று. அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"முப்பத்தேழு பேரா?" என்றாள். "அப்போ எனக்கு எங்கேடா சீட் கிடைச்சிருக்கும்?"

நான் யோசிக்கவே இல்லை. தாத்தா மாம்பலத்தில் மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். அம்மாவை ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைக்கிற வசதி அவருக்கு இல்லை, அந்த எண்ணமும் இல்லை. பக்கத்தில் பெண்கள் கல்லூரி, அரசுக் கல்லூரி, கட்டணம் குறைவு, பஸ் வசதி. இந்த நான்கும் இருந்ததால்தான் அம்மா பட்டதாரி. கல்லூரி பெரிதானதால்தான், வீட்டிலிருந்து வந்து போகிற பெண்கள் பெரும்பான்மை ஆனதால்தான், அந்த வரிசையில் அம்மாவுக்கு இடம் கிடைத்தது.

ஸ்டெல்லா மாரிஸ் கதையும் இப்படித்தான். 1947 ஆகஸ்ட் 15, சுதந்திர தினத்தன்று மயிலாப்பூர் சாந்தோமில் 32 மாணவிகளோடு தொடங்கியது. 1960-ல் கதீட்ரல் சாலைக்குப் போய்ப் பெரிதாக வளர்ந்தது. 37, 41, 32 என்று தொடங்கிய மூன்று கல்லூரிகளிலும் இன்று ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். அன்று அறை இல்லாமல் கல்வி இல்லை. நகரம் வளர்ந்து, பஸ் வந்து, படித்த பெண்ணைப் பற்றிய பயம் குறைந்ததும், அறை இல்லாமலும் கல்வி வந்தது. ஒரு விதத்தில், விடுதிக் கல்லூரிகள் ஜெயித்ததால்தான் விடுதி அவசியம் இல்லாமல் போனது.

2021-22-ம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், நாடு முழுவதுக்குமான சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இந்த 47-ஐ நாற்பது பேர் தங்கிப் படிக்கும் கல்லூரிகளால் எட்டியிருக்க முடியாது. டே ஸ்காலர்களின் பஸ் பாஸ்தான் அந்த எண்.

ஆனால் அம்மாவின் முதல் வாக்கியமும் அப்படியே நிற்கிறது. அவளுக்குப் பட்டம் கிடைத்தது, சாயங்காலம் கிடைக்கவில்லை. கல்லூரி முடிந்ததும் ஓட வேண்டும். நாடக ஒத்திகை, நூலகத்தில் இன்னும் ஒரு மணி நேரம், பாடத்தில் இல்லாத ஒரு புத்தகத்தைப் பற்றி யாரோடாவது சண்டை போடுவது எல்லாம் ஹாஸ்டல் பெண்களுக்கு. "கான்வர்சேஷன்னு அவங்க சொல்லுவாங்க. எங்களுக்கு அது பஸ் ஸ்டாண்டோட முடிஞ்சுடும்." வீட்டில் அவளை யாரும் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்குச் சொந்தம், அவ்வளவுதான். தம்பி, அதாவது என் மாமா, அதே நேரத்தில் தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்.

எனக்கு இது உறைத்தது வேறொரு காரணத்தால். நான் பி.இ. நாலு வருஷமும் ஹாஸ்டலில் இருந்தவன். சரித்திரத்தின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது வகுப்பில் இல்லை, ராத்திரி மெஸ்ஸில் ஒரு சீனியரோடு சோழர் கடற்படை பற்றி வாதாடியதில். அந்தச் சாயங்காலங்களை நான் கேட்காமலே எனக்குக் கொடுத்தார்கள். சரித்திரமே பாடமாகப் படித்த அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. இன்று வலைப்பூவில் சரித்திரம் எழுதிக்கொண்டிருப்பது நான்.

2003

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2003-ல் ராணி மேரி கல்லூரி இருந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டுவது என்று அன்றைய அரசு முடிவெடுத்தது. மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். ஆசிரியைகள், பழைய மாணவிகள், கட்சிகள், பாரம்பரியக் கட்டடங்களுக்காகக் குரல் கொடுப்பவர்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கேப்பர் ஹவுஸ் இன்று இல்லை. கல்லூரி இருக்கிறது.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது கூட்டத்தைப் பார்த்து, டிராஃபிக் ஜாம் என்று மட்டும் நினைத்திருக்கிறேன். அம்மா அன்று டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

இப்போது

சோனிபட்டில் 2014-ல் வந்த அசோகா, சென்னைக்கு வடக்கே ஸ்ரீ சிட்டியில் 2018-ல் வந்த க்ரியா என்று, தங்கிப் படிக்கும் லிபரல் ஆர்ட்ஸ் மறுபடியும் வந்திருக்கிறது. கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கும், உதவித்தொகை கிடைப்பவர்களுக்கும். இன்னொரு பக்கம், அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லிருந்து நடக்கிறது. ஒன்று சாயங்காலத்தைக் கொடுக்கிறது, இன்னொன்று சீட்டைக் கொடுக்கிறது. 1914-ல் இருந்த அதே இரண்டு முனைகள். குறைந்த கட்டணத்தில் அறையும் சேர்த்துக் கொடுத்த டி லா ஹே, மக்டூகல் காலத்து ஏற்பாடு நாற்பது பேருக்குத்தான் சாத்தியமானது. அதை நாலாயிரம் பேருக்கு எப்படிச் செய்வது என்பதுதான் இன்னும் விடை வராத கணக்கு. அரசுக் கல்லூரிகளோடு சேர்ந்த நல்ல விடுதிகளும், ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்கும் நூலகங்களும், வீட்டுக்குப் போகப் பத்திரமான பஸ்ஸும் அந்தக் கணக்கின் முதல் வரிகளாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மகள் எங்கே சேரப் போகிறாள் என்பது இன்னும் முடிவாகவில்லை. கட்டணத்துக்கு எக்செல் ஷீட் போட்டு வைத்திருக்கிறேன். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். சென்னையிலேயே பி.ஏ. வரலாறு என்பதும் பட்டியலில் இருக்கிறது. "அப்படின்னா ஹாஸ்டல்ல சேர்த்து விடுங்க. வீடு ரெண்டு கிலோமீட்டர்ல இருந்தாலும் பரவாயில்லை" என்கிறாள்.

ஒரு மாசத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். போன சனிக்கிழமை மூன்று பேரும் மெரினாவுக்குப் போனோம். ராணி மேரி கல்லூரி வாசலுக்கு எதிரே, சுண்டல் பொட்டலத்தோடு அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். மணி ஆறரை. உள்ளே விளக்குகள் போட்டிருந்தார்கள்.

"இந்த நேரத்துல நான் இங்கே நின்னதே இல்லை" என்றாள்.